குறுங்காணொளியின் பார்வைக் கணக்கு

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் நடத்திவந்த கடையில் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. அவர் மகன் மெய்யப்பன் 1930களின் தொடக்கத்தில் சென்னையில் சரசுவதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தை நண்பர்களுடன் நிறுவி, தட்டுகளைத் தாமே பதிவுசெய்து வெளியிடலானார். மணித்துளிக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குல அரக்குத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளி ஒலியே அடங்கும். மேடையில் ஒரு பண்ணினை மணிக்கணக்கில் விரித்துப் பாட வல்லவர்களும் அந்த மூன்று மணித்துளிக்குள் தம் இசையை மடக்கி அடக்கினார்கள். பாட்டின் நீளத்தைத் தட்டின் பரப்பு வரையறுத்தது. கேட்கும் செவி நாளடைவில் அவ்வளவுக்குப் பழகிக்கொண்டது.

அம்மெய்யப்பனே பின்னர்க் காரைக்குடியின் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக்கூடம் ஒன்றை அமைத்தார். ‘நாம் இருவர்’ 1947இல் அங்கிருந்து வெளிவந்தது. மறு ஆண்டில் கூடம் சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. காட்சியைப் பதிந்து உலகுக்கு அனுப்பும் தொழில் செட்டிநாட்டுக்குப் புதியதன்று என்பதற்காகவே இதனை முதலில் சொல்கிறேன். இன்று அதே மண்ணில் ஆயிரம் சன்னல் வீட்டின் முன்னும், கானாடுகாத்தான் தெருக்களிலும், ஆத்தங்குடி ஓட்டுப் பட்டறைகளிலும் திறன்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் படமெடுக்கும் இளைஞர்களைக் காணலாம். யூடியூப் தன் குறுங்காணொளிகளின் மேல்வரம்பை 2024 அக்டோபரில் மூன்று மணித்துளியாக உயர்த்தியது. இன்ஸ்டாகிராமும் 2025 சனவரியில் அதே மூன்று மணித்துளிக்கு வந்தது. அரக்குத்தட்டின் ஒரு பக்கம் எவ்வளவு கொண்டதோ, அவ்வளவே.

ஆயினும் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. தட்டில் இடமில்லை, ஆகவே பாட்டுச் சுருங்கியது. திறன்பேசிக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. மூன்று மணி நேரத் திரைப்படத்தையும் அது தங்குதடையின்றிக் காட்டும். பின் ஏன் காணொளி முப்பது நொடிக்கும் பதினைந்து நொடிக்கும் சுருங்குகிறது? ஏன் அந்தச் சுருங்கிய காணொளிக்கே பார்வை பெருகுகிறது? மக்களின் சுவை மாறிவிட்டது என்று பலரும் விடை சொல்கிறார்கள். அவ்விடை போதாது என்பது என் துணிபு. விடையின் பெரும்பகுதி கருவியின் கணக்கிலும் உடலின் இயல்பிலும் இருக்கிறது.

முதலில் பெருக்கத்தின் அளவைப் பார்ப்போம். 2014இல் இந்தியாவில் ஒரு ஜிகாபைட் தரவின் விலை இருநூறு ரூபாய்க்கும் மேல். 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியபின் விலை சரிந்து, சில ஆண்டுகளில் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. அந்த மலிவு நிலத்தில்தான் டிக்டாக் வேர்பிடித்தது. 2019 ஏப்ரல் 3 அன்று, சிவகங்கை மாவட்டத்துக்கும் உரிய உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அச்செயலியைத் தரவிறக்கத் தடைவிதிக்குமாறு ஆணையிட்டது. அம்மாதம் 24ஆம் நாள் அத்தடை விலக்கப்பட்டது. 2020 சூன் 29 அன்று நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது இந்தியாவில் அதன் பயனர்கள் ஏறத்தாழ 20 கோடி. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் இங்கு ரீல்ஸ் வசதியைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸ் வடிவத்தை உலகிலேயே முதன்முதலாக இந்தியாவில் வெள்ளோட்டம் விட்டது. ஊர்தி மாறியது, பயணம் நிற்கவில்லை. ஷார்ட்ஸ் காணொளிகளின் ஒருநாள் பார்வை உலக அளவில் 2021இல் 1,500 கோடி என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2022இல் 3,000 கோடி, 2023 தொடக்கத்தில் 5,000 கோடி, அவ்வாண்டின் பிற்பகுதியில் 7,000 கோடி. 2025இன் நடுவில் அது சொன்ன எண் 20,000 கோடி.

இத்தனை காட்சிகள் காற்றில் பறந்து கைக்கு வந்துசேர்வதே ஒரு பெரும் அறிவியல் வெற்றி. அதன் வேரில் நம் நாட்டவர் ஒருவர் நிற்கிறார். பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது, நடராசன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974இல் ஒரு கணித முறையை வெளியிட்டார். படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி மெல்ல மாறும் பகுதி எவ்வளவு, விரைந்து மாறும் நுண்பகுதி எவ்வளவு என்று கோசைன் சார்புகளால் பகுத்தறிவது அம்முறை. மனிதக் கண் பரந்த ஒளிமாற்றத்தைக் கூர்ந்து உணரும். மிக நுண்ணிய மாற்றத்தை அவ்வளவாக உணராது. ஆகவே நுண்பகுதியில் பெரும்பங்கைக் கழித்துவிட்டாலும் படம் கெட்டதாகத் தோன்றாது. இதனோடு, முன் சட்டகத்திலிருந்து எது நகர்ந்ததோ அதை மட்டும் அனுப்பும் உத்தியும் சேர்ந்தது. அவ்வாறு அமைந்த எச்.264 என்னும் சுருக்கத் தரம் 2003இல் நிறைவுற்றது. முப்பது நொடிக் காட்சி சில மெகாபைட்டுகளில் அடங்குவது இவற்றால்தான். நாம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த காணொளியின் முற்பகுதியைச் செயலி முன்கூட்டி இறக்கி வைத்துக்கொள்கிறது. விரல் மேலே தள்ளியதும் இடைவெளியின்றி அது எழுகிறது. காத்திருத்தல் என்னும் சிறு தடை அங்கு நீங்கிவிடுகிறது. நிறுத்தலாமா என்று எண்ண மனத்துக்குக் கிடைத்திருந்த அந்த ஓரிரு நொடியும் அதனுடன் நீங்குகிறது.

இனிச் சுருக்கத்தின் காரணத்துக்கு வருவோம். இக்கட்டுரையில் நான் மிக இன்றியமையாததாகக் கருதுவது இதுவே. எந்தக் காணொளியை யாருக்குக் காட்டுவது என்பதைக் கற்கும் எந்திரம் முடிவு செய்கிறது. யூடியூப் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுரையில் அதன் இரு படிகளை விளக்கினார்கள்: இலட்சக்கணக்கான காணொளிகளிலிருந்து சில நூறைப் பொறுக்கியெடுப்பது முதற்படி, அவற்றை இந்தப் பயனருக்கென வரிசைப்படுத்துவது இரண்டாம் படி. கற்கும் எந்திரத்துக்கு உணவு சான்றுகள். நீங்கள் இருபது மணித்துளிக் காணொளி ஒன்றைப் பார்த்தால் உங்கள் விருப்பைப் பற்றி அதற்குக் கிடைப்பது பெரிதும் ஒரே ஒரு சான்று. அதே இருபது மணித்துளியில் அரை மணித்துளிக் காணொளிகள் நாற்பதைத் தள்ளிப் பார்த்தால் நாற்பது சான்றுகள் கிடைக்கின்றன. எதில் நின்றீர்கள், எதை இரண்டாம் நொடியிலேயே கடந்தீர்கள், எதை மறுமுறை ஓடவிட்டீர்கள் என்பன எல்லாம் அதன் ஏட்டில் ஏறுகின்றன. நீங்கள் விருப்பக்குறி இட வேண்டியதில்லை; எதுவும் எழுத வேண்டியதில்லை. விரல் தயங்கிய நேரமே போதும். ஆகவே குறுமை என்பது பார்ப்பவரின் வசதிக்காக மட்டும் அமைந்ததன்று. எந்திரம் விரைந்து கற்பதற்கு அதுவே மிக ஏற்ற அளவு. இந்த ஆதாயத்தைக் கணக்கில் கொள்ளாமல் பேசப்படும் எந்த விளக்கமும் அரைகுறையானது.

உடலின் பங்கு அடுத்தது. திடீரென ஒரு ஒலி எழுந்தாலோ காட்சி மாறினாலோ விலங்கு தன் செயலை நிறுத்தி அப்பக்கம் திரும்புகிறது. உருசிய உடலியலறிஞர் பாவ்லோவ் இதனை ‘அது என்ன?’ என்று கேட்கும் அனிச்சைச் செயல் என்று விவரித்தார். காட்டில் வாழ்ந்த நம் முன்னோரின் உயிரைக் காத்தது இது. தொலைக்காட்சியில் காட்சி வெட்டப்படும் ஒவ்வொரு முறையும் பார்ப்பவரின் இதயத்துடிப்புச் சில நொடிகள் தணிவதை அமெரிக்க ஊடக ஆய்வாளர்கள் கருவிகளால் அளந்து காட்டினார்கள். அது விருப்பத்தின் அடையாளமன்று. உடல் ‘அது என்ன?’ என்று கேட்டதன் அடையாளம். குறுங்காணொளியில் வெட்டு நொடிக்கு நொடி வருகிறது. ஒரு காணொளி முடிந்ததும் முற்றிலும் புதிய முகமும் இடமும் ஒலியும் தோன்றுகின்றன. அனிச்சை ஓயுமுன் மீண்டும் எழுப்பப்படுகிறது.

இதற்குமேல் மூளையின் எதிர்பார்ப்பு ஏற்பாடு ஒன்றும் வேலை செய்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் நரம்பியலறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை பொங்கின. ஒளி எரிந்தபின் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டதும், துடிப்புச் சாற்றிலிருந்து ஒளிக்கு இடம்பெயர்ந்தது. ஒளி எரிந்தும் சாறு வராதபோது துடிப்புத் தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அந்த அணுக்கள் அறிவிக்கின்றன என்று ஷுல்ட்ஸும் அவர் துணைவர்களும் 1997இல் காட்டினார்கள். பரிசு கிடைக்கவும் கிடைக்காமல் போகவும் சம வாய்ப்பு இருக்கும் நிலையில்தான் அந்தக் காத்திருப்பின் துடிப்பு உச்சம் தொடுகிறது என்பது 2003இல் ஷுல்ட்ஸின் குழு கண்ட முடிவு. அடுத்த காணொளி நன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விரல் அந்நிலையில்தான் மேலே தள்ளுகிறது.

இங்கே ஒரு தவற்றைக் களைய வேண்டும். டோபமின் இன்பத்தின் சுரப்பு என்றும், குறுங்காணொளி டோபமினைக் கொட்டி மனிதரை மயக்குகிறது என்றும் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் சொல்லப்படுகிறது. கென்ட் பெரிட்ஜ் முதலானோரின் ஆய்வுகள் வேட்கையும் இன்பமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் இயங்குவதை நிறுவியுள்ளன. டோபமின் பெரிதும் வேட்கையைச் சார்ந்தது. அதனால்தான் ஒரு மணி நேரம் தள்ளித்தள்ளிப் பார்த்து முடித்தபின் “என்ன பார்த்தோம்?” என்று கேட்டால் விடை வருவதில்லை, நிறைவும் தோன்றுவதில்லை, ஆனால் விரல் மட்டும் மறுபடி அங்கேயே போகிறது. பொன்மீனைவிட மனிதரின் கவனம் குறைந்துவிட்டது என்று உலவும் எட்டு நொடிக் கதைக்கும் ஆய்வு அடிப்படை கிடையாது. அறிவியலின் பெயரால் அச்சமூட்டுவது அறிவியலுக்கு நன்மை செய்யாது.

சான்றுள்ள செய்தியே போதிய கவலை தருகிறது. செருமனியின் மியூனிக்கில் ஆய்வாளர்கள் 60 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி 2023இல் வெளியிட்டனர். குறிப்பிட்ட தருணத்தில் ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற நினைவுடன் பங்கேற்றவர்கள் ஒரு பணியில் ஈடுபட்டார்கள். இடையில் சிலர் ஓய்ந்திருந்தார்கள். ஏனையோருக்கு டிவிட்டர், யூடியூப், டிக்டாக் ஆகியவற்றில் ஒன்று தரப்பட்டது. திரும்பிவந்தபோது டிக்டாக் பார்த்தவர்களுக்கு மட்டும் செய்ய நினைத்ததை நினைவுகூரும் ஆற்றல் தெளிவாகக் குறைந்திருந்தது. அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திறன்பேசியை எடுத்த எவருக்கும் இம்முடிவின் பொருள் விளங்கும்.

இப்போது அந்த 20,000 கோடிக்குத் திரும்பலாம். 2012இல் யூடியூப் சொடுக்குகளை நம்புவதை விடுத்துப் பார்த்த நேரத்தைத் தன் பரிந்துரையின் முதன்மை அளவுகோலாக ஏற்றது. மக்கள் உண்மையில் எதில் நிலைக்கிறார்கள் என்பதை அறிய அது நல்ல அளவுகோல். ஆனால் 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் காணொளி ஓடத் தொடங்கினாலோ மறுபடி ஓடினாலோ அது ஒரு பார்வை என்று எண்ணப்படுகிறது. குறைந்தது இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற வரையறை இல்லை. படைப்பாளருக்குப் பணம் தருவதற்கு மட்டும் பழைய முறையை ஒட்டிய வேறு கணக்கை அந்நிறுவனம் வைத்துக்கொண்டது. 7,000 கோடி 20,000 கோடியானதில் கண்களின் பெருக்கமும் உண்டு, எண்ணும் முறையின் மாற்றமும் உண்டு. பணத்துக்கு ஒரு கணக்கும் விளம்பலுக்கு ஒரு கணக்கும் இருக்கும்போது, எது பார்த்தலை அளக்கிறது என்பதை வாசகரே முடிவு செய்யலாம். இன்று பெருகும் எண்ணாக நம் முன் நிற்பது, பெரும்பாலும், கண் திரும்பியதன் எண்ணிக்கை. கண்டதன் எண்ணிக்கை அதனுள் ஒரு பகுதி.

இவ்வேறுபாடு செட்டிநாட்டுக்கு ஏன் முதன்மையானது என்பதை ஆத்தங்குடியில் காணலாம். அங்கு தரை ஓடு செய்பவர் கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைக்கிறார். அச்சின் அறைகளில் வண்ணம் கலந்த சிமிட்டிக் குழம்பை ஒவ்வொன்றாக ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குகிறார். அதன்மேல் உலர்ந்த கலவையைத் தூவி, ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார். பின்னர் ஓடு தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுகிறது. இறுதியில் கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பை ஓட்டின் முகம் பெற்றிருக்கிறது. சூளை இல்லை, நெருப்பு இல்லை. குறுங்காணொளி இதற்கென்றே பிறந்ததுபோல் தோன்றும்: வண்ணம் வழிவது, அச்சு எழுவது, கண்ணாடி விலகுவது என மூன்று வெட்டில் இருபது நொடியில் முடிந்துவிடும்.

அக்காணொளியில் வெட்டி எறியப்பட்டவை ஓடு தொட்டியில் ஊறிய நாள்கள். ஓட்டை ஓடாக்குவது அவைதாம். சிமிட்டி காய்ந்து இறுகுவதில்லை; நீருடன் வேதிவினை புரிந்து இறுகுகிறது. கால்சியம் சிலிக்கேட்டுகள் நீரேற்றம் அடைந்து, நுண்ணிய நாரும் தகடுமாக வளர்ந்து மணலைப் பற்றிக்கொள்கின்றன. அவ்வளர்ச்சி மெதுவானது. கட்டுமானப் பொறியியலில் கற்காரையின் வலிமையை 28ஆம் நாளில் அளப்பது அதனால்தான். ஈரம் முன்னதாகவே போய்விட்டால் வினை பாதியில் நிற்கும், ஓடு பின்னர் வெடிக்கும். எவ்வளவு மணல், எவ்வளவு ஈரம், எந்த வெயிலில் எவ்வளவு நேரம் என்பது பட்டறைக்காரரின் கையில் ஊறிய அறிவு. இருபது நொடியில் அதற்கு இடமில்லை.

பார்த்ததனால் கற்றுவிட்டோம் என்ற மயக்கமும் அங்கு சேர்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டாஸ், எட் ஓ’பிரையன் இருவரும் 2018இல் இதனைச் சோதித்தார்கள். மேசைமேல் உள்ள கலங்கள் அசையாமல் விரிப்பை மட்டும் உருவும் வித்தை, அம்பு எறிதல், நடன அசைவு முதலியவற்றின் காணொளியைச் சிலர் ஒருமுறையும் சிலர் இருபது முறையும் பார்த்தார்கள். பலமுறை பார்த்தவர்கள் தம்மால் செய்ய முடியும் என்று மிகுதியாக நம்பினார்கள். செய்துபார்க்கச் சொன்னபோது அவர்கள் ஒருமுறை பார்த்தவர்களைவிட மேம்படவில்லை. கந்தரப்பத்தின் மாவுப் பதத்தையும், கவுனி அரிசி இரவெல்லாம் ஊற வேண்டிய தேவையையும் ஆச்சிமார் பக்கத்தில் நிறுத்திக் கற்பித்ததன் காரணம் இந்த ஆய்வில் இருக்கிறது. கை பிழைசெய்து, ஒருவர் திருத்தி, மறுபடி செய்தால்தான் திறன் படியும்.

குறுங்காணொளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. கண்டாங்கிச் சேலை நெய்பவர், பலகாரம் செய்து அனுப்பும் குடும்பம், ஓட்டுப் பட்டறையார் ஆகியோருக்கு இடைத்தரகரின்றித் தொலைதூர வாங்குவோரை அது சேர்க்க வல்லது. அந்நன்மை உண்மையானது. நீண்ட காணொளியை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற பேச்சும் தவறு. செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் ஒரு முதியவரும் அவர் பேரன்மாரும் 2018இல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, வயல்வெளியில் பெருங்கலங்களில் சமைப்பதைத் தொடக்கம் முதல் பரிமாறல் வரை காட்டியது. மசாலாவை அம்மியில் அரைப்பது முழுதாகத் தெரியும். 2021இல் ஒரு கோடி உறுப்பினர்களைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் தடம் அது. பொறுமையாகக் காட்டினால் பொறுமையாகப் பார்க்கும் மக்கள் இருக்கிறார்கள்.

என் மிகப்பெரிய கவலை பார்வை பற்றியதன்று, எஞ்சுவது பற்றியது. 2020இல் டிக்டாக் தடைசெய்யப்பட்ட அன்று, தமிழ் ஊர்களின் கிழவிகளும் கூலித் தொழிலாளரும் கூத்துக் கலைஞரும் பாடியும் ஆடியும் பேசியும் பதிந்திருந்தவை அனைத்தும் இங்குள்ளோர் கைக்கு ஒரே இரவில் எட்டாமற் போயின. அவற்றைத் திரட்டிவைத்த தமிழ் நூலகம் எதையும் நான் அறியேன். இத்தனைக்கும் இந்த மண்ணுக்கு வழிகாட்டி ஒருவர் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கை, நாடக விளம்பரம், பாட்டுப் புத்தகம் என்று பிறர் எறிந்தவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பைப் பெற, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று தமிழ்ச் சமூக வரலாறு எழுதுவோர் அங்குதான் போகிறார்கள். அவர் காலத்துத் துண்டறிக்கையின் இடத்தில் நம் காலத்தில் நிற்பது குறுங்காணொளி.

அதனையும் அவ்வாறு திரட்டிக் காக்கும் வாய்ப்பு இம்மண்ணில் உண்டு. கொடையாளர் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. திறன்பேசியை இயக்கும் இலித்தியம் மின்கலங்களைப் பற்றிய ஆய்வும் அங்கு நடக்கிறது. அவர் பெயரில் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அத்தகைய ஊரில் செட்டிநாட்டுக் கைத்தொழில்களையும் சமையலையும் பேச்சையும் முழு நீளத்தில் பதிந்து காக்கும் ஒரு காணொளி ஆவணக்கூடம் அமைவது இயலாததன்று. பல்கலைக்கழகமும் ஊர்ச் சங்கங்களும் இதனை மேற்கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறேன். படமெடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. இருபது நொடியை வெட்டி வெளியிட்டபின் மீதிப் பதிவை அழித்துவிடாதீர்கள். ஊர், நாள், செய்தவர் பெயர், பயன்படுத்திய பொருள், எடுத்துக்கொண்ட காலம் ஆகியவற்றை அதனுடன் எழுதிவையுங்கள்.